அம்மாவின் முட்டிவலி மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. இருபது வருடத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர், முட்டிவலி வந்ததிலிருந்து கடலில் இறங்குவதில்லை, கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறார். இரண்டு வருடமாகக் காலையும் இரவும் மெடிக்கலில் வாங்கி வலி மாத்திரை போடுகிறார். அட்டையில் அசிக்ளோபெனாக் என்று இருக்கிறது. கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கவரில் போட்டுத் தருகிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. கால் வீங்கியதால் போன வாரம் ரத்தம் பார்த்தோம், கிரியாட்டினின் 1.4. இரண்டு வருடத்துக்கு முன் 0.9 தான் இருந்தது. வலி மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிறுத்தினால் அம்மாவால் கக்கூஸில் உட்கார்ந்து எழவே முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: அசிக்ளோபெனாக்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலாவதை ஒரே நாளில் விட்டால் வலி திரும்ப வரும், அவ்வளவுதான், வேறு கெடுதல் இல்லை. இரண்டாவது என்ன மாத்திரை என்றே உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஆனால் இப்படிப் பெயரில்லாமல் கவரில் வரும் குட்டி மாத்திரை பல நேரம் டெக்சாமெத்தசோனாகவோ பிரட்னிசலோனாகவோ இருந்து பார்த்திருக்கிறேன், அதாவது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் கவர், அட்டை, பிரஷர் மாத்திரை, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கலிலும் அந்த மாத்திரையின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதைக் கேட்கிற உரிமை உண்டு.

அடுத்தது 1.4. "கொஞ்சம்தான் கூட இருக்கு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, அது ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதுதான் அந்த எண், ஆனால் அப்படி நேர்க்கோட்டில் ஏறுகிற எண் இல்லை. 58 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 44 மில்லி, இரண்டு வருடத்துக்கு முன் அந்த 0.9-க்கு அது 75 அளவில் இருந்திருக்கும். எனவே இது "கொஞ்சம் கூட" இல்லை. அதே சமயம் கிட்னி போய்விட்டது என்று அழ வேண்டிய கட்டமும் இல்லை. வலி மாத்திரையால் விழுந்த திறனில் ஒரு பகுதி, சில நேரம் பெரும்பகுதி, மாத்திரையை விட்ட சில வாரங்களில் மீண்டு வருவது உண்டு. எவ்வளவு மீளும் என்பதை மறு சோதனைதான் சொல்லும்.

இது ஏன் நடக்கிறது என்பதை உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வது எளிது, ராமநாதபுரத்தில் கண்மாய் தெரியாதவர் யார். சிறுநீரகத்தில் இருக்கும் ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு குட்டிக் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வர ஒரு வரத்துக்கால், வெளியே போக ஒரு மடை. உள்ளே நீர் ஒரு மட்டத்துக்கு நின்றால்தான் அழுத்தம் இருக்கும், அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டும். வரத்துக்கால் சுருங்காமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள். அசிக்ளோபெனாக், டைக்ளோபெனாக், இபுபுரூபன், நேப்ராக்சன், எட்டோரிகாக்சிப் என்று என்ன பெயரில் வந்தாலும் இந்த வகை மாத்திரைகள் எல்லாம் அந்தப் பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. முட்டியில் தடுத்தால் நிம்மதி, கிட்னியில் தடுத்தால் வரத்துக்கால் சுருங்கும். மாத்திரைக்கு முட்டி எது கிட்னி எது என்று தெரியாது. டெல்மிசார்டன் என்ன செய்யும் என்றால் மடையைத் திறந்துவிடும், தனியாக இருக்கும்போது அது கிட்னிக்கு நல்லதும்கூட. நீர் மாத்திரையோ ஆற்றில் வருகிற தண்ணீரையே குறைக்கும். மூன்றும் ஒரே உடம்பில் கூடினால்? வரத்து சுருங்கி, மடை திறந்து, ஆற்றிலும் தண்ணீர் இல்லை.

அதற்கு மேல் வெயில். கருவாடு காயப்போடும் கரையில் பங்குனி, சித்திரையில் நிற்கிறவருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை, ஒதுங்க இடமில்லை என்பதால். இதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாது, ஆனால் அம்மாவிடம் கேளுங்கள், காலை வேலைக்குப் போய் மாலை திரும்பும்வரை எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார் என்று. என் கணக்கில் அந்த 1.4-இல் மாத்திரைக்கு ஒரு பங்கு என்றால் இந்தக் குடிக்காத தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது கால் வீங்கியிருப்பதால் நாளுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், குடம் குடமாக ஊற்றிவிடாதீர்கள்.

நானே தப்பு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் இடுப்புவலி என்று வந்தார். முந்தின நாள் வயிற்றுப்போக்கு என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை, டைக்ளோபெனாக் ஊசி போட்டு ஐந்து நாளுக்கு மாத்திரையும் எழுதினேன். நான்காம் நாள் சிறுநீரே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தடவை டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டார், என்னைத் திட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு வாந்தி, பேதி, காய்ச்சலில் இருக்கும் யாருக்கும் இந்த மருந்தை நான் தொடுவதில்லை.

சொல்லப்போனால் இந்த மருந்துக் குடும்பத்தின் கிட்னி சேட்டையை உலகத்துக்கே உரக்கச் சொன்னது கழுகுகள்தான். டைக்ளோபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதன் கழுகு இல்லை, நமக்கு அந்த அளவுக்கு விஷமில்லை, பயப்படுத்தச் சொல்லவில்லை.

"கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே போடுகிறோம்" என்பார்கள். பான்டப்பிரசோல், ஒமிப்பிரசோல் எல்லாம் வயிற்றுக்குக் காவல், கிட்னிக்கு இல்லை, இதயத்துக்கும் இல்லை. வயிற்றுக்கும்கூடச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும், வலி மாத்திரையோடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்வது பாதிப் பலன். அம்மாவுக்கு மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனால் குடலில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டும் இந்த மாத்திரையும் சேரும்போது புண் வரும் வாய்ப்பு பல மடங்கு.

இதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரை என்று வந்த ரோபிகாக்சிப், மாரடைப்பு கூடுகிறது என்று 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு பார்த்தால் பழைய டைக்ளோபெனாக்கும் அந்த விஷயத்தில் அவ்வளவு யோக்கியம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் இந்த வகையையே தவிர்ப்பது நல்லது. 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் இபுபுரூபனைச் சேர்த்துப் போட்டால் அந்த ஆஸ்பிரினின் வேலையே கெட்டுப்போகும்.

சரி, வலிக்கு என்னதான் செய்வது. முதலில் இது தேய்மானம்தானா என்று உறுதி செய்யுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் அது ருமட்டாய்டு வாதமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, வலி மாத்திரை வலியை மறைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டிருக்கும். முட்டி மட்டும், நடந்தால் வலி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் தேய்மானம். இந்த வகைக்கு பாராசிட்டமால் பலம் குறைவுதான், ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்குக் கையிலிருக்கும் பத்திரமான மாத்திரை அதுதான். 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் மொத்தம் 3 கிராமுக்கு மேல் போகாமல். பழைய அசிக்ளோபெனாக் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பல கம்பெனி மாத்திரையில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் கூடவே இருக்கும், போட்டிருந்தால் அதையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டைக்ளோபெனாக் ஜெல் நல்ல மருந்து, மாத்திரையாகப் போட்டால் ரத்தத்தில் சேருவதில் ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்குதான் தடவும்போது சேருகிறது. ஆனால் அம்மாவின் கிட்னி இருக்கிற நிலையில் மறு சோதனை பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னால் மட்டும் தொடங்குங்கள். தடவிய இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம்.

அப்புறம் தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும், ஒரு காலுக்கு பத்து தடவை, காலை மாலை. இதைச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை, ஊசி கேட்பார்கள், ஆனால் ஆறு வாரம் விடாமல் செய்தவர்கள் நன்றாக நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எடை கூட இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை நாலு கிலோ குறையும். வலது முட்டி வலித்தால் கைத்தடி இடது கையில். கக்கூஸுக்கு பிளாஸ்டிக் கம்மோடு நாற்காலி கிடைக்கிறது, உங்கள் கடிதத்தில் இருந்த பெரிய கஷ்டத்துக்கு அதுதான் முதல் மருந்து.

கருவாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பிரஷர், கால்வீக்கம், குறைந்த கிட்னி மூன்றும் உள்ளவருக்குத் தினமும் கருவாட்டுக் குழம்பு ஆகாது. அந்த வலி மாத்திரையும் உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், எனவே அதை நிறுத்தியதும் பிரஷர் இறங்கக்கூடும், வாரம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வீட்டுக்கு வருகிறார் என்றால் அவரே பார்த்துவிடுவார். கிட்னிக்கு நல்லது என்று இளநீர், வாழைத்தண்டுச் சாறு தினமும் கொடுக்காதீர்கள், டெல்மிசார்டன் சாப்பிடும்போது திறன் குறைந்த கிட்னியில் பொட்டாசியம் தேங்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. கிட்னி, வயிறு, இதயம் சரியாக இருப்பவர் கடும் வலிக்கு ஐந்தாறு நாள், சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு வகை வலி மாத்திரை, குறைந்த அளவில் போட்டால் குடி முழுகிப் போகாது. அதற்கு பயந்து வலியில் சுருண்டு கிடக்கவும் வேண்டாம். அம்மாவின் மாத்திரையைக் கர்ப்பமாக இருக்கும் மகள் முதுகுவலிக்கு எடுத்துப் போடுவது மட்டும் கூடாது, ஐந்தாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் கிட்னியையும் அது பாதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு உடம்புவலி என்றால் டெங்குவாக இருக்கலாம், பாராசிட்டமால் தவிர எதுவும் வேண்டாம்.

அம்மாவுக்கு இரண்டு வாரத்தில் மறுபடி கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் அல்புமின் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவை எல்லாம் பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நீர் மாத்திரை சேர்ந்த வகையை மாற்றலாமா என்று அங்கே கேளுங்கள். அதற்குள் சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த வெள்ளை மாத்திரையின் பெயரையும் சேர்த்து.