மதுரையில் வீட்டிலேயே மர மோட்டார் படகு: எந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். பழைய பாணி மர மோட்டார் படகு ஒன்றை வீட்டிலேயே கட்ட ஆசை. வரைபடங்கள் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் படகு வருடத்தில் எத்தனை நாள் தண்ணீரில் கிடக்கப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னுடையது பத்துப் பன்னிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் திருநகரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறது. வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான் பார்க்கவில்லை.

என் முதல் படகு பலகையோடு பலகை நெருக்கிச் சேர்த்து, ஆணி அடித்து, இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்து அடைத்த (கலப்பற்று அடித்த) தேக்குப் படகு. ஏராக்கட்டை (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை), வங்கு (விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள்) எல்லாம் முறைப்படி. இரண்டு வருட உழைப்பு. தை மாதம் முடித்தேன், ஆடியில்தான் தொண்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோக முடிந்தது. நடுவில் ஒரு மதுரைக் கோடை. தண்ணீரில் இறக்கிய கால் மணி நேரத்தில் உள்ளே கணுக்கால் அளவு நீர். கரையில் நின்ற ஒரு வயதான ஓடாவி (படகு கட்டும் ஆசாரி) விரலை இடுக்கில் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரம் தாகத்துல கிடந்திருக்கு தம்பி. நாலு நாள் தண்ணியிலயே போட்டு வைங்க, தானா இறுகிடும்." இறுகவும் செய்தது. ஆனால் அடுத்த முறை கொண்டுபோனபோதும் அதே கதை. காய்வதும் ஊறுவதுமாக மூன்று வருடத்தில் ஆணிகள் தளர்ந்துவிட்டன. அந்தப் படகை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படும் கிறிஸ் கிராஃப்ட், ஹேக்கர் கிராஃப்ட், கார் வுட் போன்ற மகோகனிப் படகுகள் 1920, 30களில் அமெரிக்க ஏரிகளில் புகழ்பெற்றவை. கோடை முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் படகுகள் அவை. 1962இல் இத்தாலியில் வந்த ரீவா அக்வாரமாவுக்கு இரண்டு வி8 என்ஜின்கள். அழகில் அவற்றுக்கு ஈடில்லை, நானும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் முதல் படகு மாதிரி பலகையோடு பலகை சேர்த்துக் கட்டும் வரைபடத்தை வாங்கிவிடாதீர்கள். ப்ளைவுட்டும் எபாக்சிப் பசையும் கொண்டு கட்டுவதற்கென்றே வரையப்பட்டதாகத் தேடுங்கள். எபாக்சியில் முழுக்க மூடிய ப்ளைவுட் காய்ந்து சுருங்காது, இடுக்கும் விடாது. பழைய பாணி அழகு என்பது நீண்ட முன்தளத்திலும், அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஓடும் மேல்விளிம்பின் வளைவிலும்தான் இருக்கிறது. மேல்தளத்தில் மெல்லிய தேக்குப் பட்டைகளை ஒட்டிவிட்டால் கண்ணுக்கு அதே படகுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்துக்கொள்ளுங்கள்.

"ப்ளைவுட்டுக்கென்றே வரைந்தது" என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ப்ளைவுட் கடலைப் பொட்டலக் காகிதம் மாதிரி. கூம்பாகச் சுருளும், உருளையாக வளையும். கிண்ணம் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளையாது. அணியத்தில் கிண்ணக் குழிவு உள்ள வரைபடத்தை எடுத்தால் அந்த இடத்தில் பலகை விரிசல் விடும்.

பலகை விஷயத்தில் இன்னொன்று. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட் மதுரையிலேயே கிடைக்கிறது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அதன் சோதனை. நான் வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து இட்லிக் குண்டானில் கொதிக்கவைத்தேன். ஓரத்தை வெட்டிப் பார்த்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் ஒக்கூமே என்ற லேசான மரத்தை மனதில் வைத்து எடை போடுகின்றன. நம் ஊர்ப் பலகை அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். 12 மிமீ ஷீட் ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். வரைபடத்தில் போட்டிருக்கும் எடையை நம்பி என்ஜின் வாங்காதீர்கள்.

அடுத்தது வேகம். தண்ணீர் தொடும் கோட்டில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 16 அடிக்கு 5.36 நாட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிமீ. தண்ணீரைப் பிளந்து போகும் படகுக்கு அதுதான் எல்லை. அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிப் போக வேண்டும். அதற்கு அடிப்பாகம் பின்னால் தட்டையாக, எடை குறைவாக, என்ஜின் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தீர்மானியுங்கள். மெதுவான படகில் பெரிய என்ஜின் மாட்டினால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கைத் தூக்கும். வேகப் படகில் சின்ன என்ஜின் மாட்டினால் அகன்ற அமரம் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும்.

வேகம்தான் வேண்டும் என்றால், படகு வரைபடங்கள் விற்கும் கிளென்-எல் நிறுவனத்தின் ஜிப் நல்ல தேர்வு. 14 அடி சொச்சம், அமரத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின், ப்ளைவுட் கட்டுமானம், பார்க்க அந்தக் காலத்து ரன்அபவுட் (சின்னத் திறந்த வேகப் படகு) மாதிரியே இருக்கும். வங்குகளுக்கு முழு அளவு மாதிரித் தாள்களே வருகின்றன, தரையில் பெரிதாக வரைந்துகொள்ளும் வேலை மிச்சம். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் அட்கின் வரைந்த ரெஸ்க்யூ மைனர் சுமார் 20 அடி, அரை அடி ஆழத்தில் மிதக்கும், சின்ன டீசல் என்ஜினே போதும். மனதைக் கவரும் படகுதான், ஆனால் அடிப்பாகம் சிக்கலானது. முதல் படகாக வேண்டாம்.

நான் இரண்டாவதாகக் கட்டியது மெதுவாகப் போகும் 16 அடிப் படகு, 6 ஹெச்பி. பாக் விரிகுடாவுக்கு அது போதும் என்பது மட்டுமல்ல, அதுதான் சரி. தொண்டிப் பக்கம் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் கடற்புல். அதை மேய்ந்து வாழும் கடல்பசுக்களுக்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிமீ காப்பகம் அறிவித்தார்கள். அந்தத் தண்ணீரில் புல்லை அறுத்துக்கொண்டு வேகப் படகு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

வைகை அணை பக்கமாயிற்றே என்று நினைப்பீர்கள். அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. 71 அடி நிறைந்த அணை சில மாதத்தில் இறங்கி, கரையெல்லாம் சேறாகிவிடும். உள்நாட்டு நீர்நிலைகளில் என்ஜின் படகுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. எங்கே ஓட்டுவது என்பதை விசாரித்து முடித்துவிட்டு வரைபடத்துக்குப் பணம் அனுப்புங்கள்.

அப்புறம் வாசலையும் தெருவையும் அளந்துகொள்ளுங்கள். டிரெய்லரில் ஏற்றிய படகு திரும்ப வேண்டுமே. என் கொட்டகைக் கதவு ஆறடி, அதனால் படகின் அகலம் ஐந்தடியோடு நின்றது.

ஒரு வரைபடம் பிடித்துப்போனால், பத்தில் ஒரு பங்கு அளவில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். அட்டை மடங்காமல் வளைந்து சேர்ந்தால் ப்ளைவுட்டும் சேரும். உங்கள் வாசல் அகலத்தையும், எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எது பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.