தொட்டி மண்ணும் கைப்பக்குவமும்: கேள்வி பதில்

கேள்வி: மண் கலவைக்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: ஒவ்வொருவரின் மண்ணும் வேறு, அதனால்தான் கணக்கும் வேறுபடுகிறது. செம்மண், தென்னை நார்த்தூள், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு என்று தொடங்குங்கள். நார்த்தூளில் உப்பு இருக்கும், அலசாமல் சேர்க்காதீர்கள். அதற்குமேல் உங்கள் கை சொல்லும். கலவையை லேசாக நனைத்து ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையை விரித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் விரல் ரேகை பதிந்தால் களி மிகுதி. பருமணலோ பெர்லைட்டோ (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) தாராளமாகச் சேருங்கள். விரித்த உடனே சிதறினால் ஈரம் நிற்காது; தொழுவுரத்தைக் கூட்டுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் கலவையை ஆறவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: காய்கறித் தோலை நேரடியாகத் தொட்டியில் புதைக்கலாமா?

பதில்: கூடாது. மக்காத எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. நாற்றமும் கொசு போன்ற சிறு ஈக்களும்தான் மிஞ்சும்.

கேள்வி: மரத்தூள்?

பதில்: மக்காத எதுவும் என்றால் மரத்தூளும்தான். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

கேள்வி: வடிகாலுக்காக அடியில் ஜல்லி போடுகிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி ஊறி நிரம்பிய பிறகே சொட்டும். அந்த ஊறிய பகுதி ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: எந்த இலை? அடியிலைகள் முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண் சொதசொதவென்று இருக்கும்போது செடி முழுக்க மஞ்சளானால் வேர் அழுகலாம். அப்போது உரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: மண்ணைக் கையால் அறியலாம் என்கிறீர்கள். உரத்தையும் நான் கண்ணளவில்தான் போடுகிறேன். செடிகள் நன்றாகவே இருக்கின்றன.

பதில்: இதை நான் ஏற்கவே மாட்டேன். கலவை தவறினால் நடுவதற்கு முன்பே கை காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் கரைந்த உர உப்பு கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. மண்புழு உரத்தில் பெரும்பாலும் 1 அல்லது 2. இரண்டையும் ஒரே 'சிட்டிகை' என்று எப்படிச் சொல்வது? தரையில் மிகுதி பரவிப்போகும். தொட்டியில் போக்கிடம் இல்லை. வேரைச் சுற்றி உப்பு கூடினால் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. இலை நுனி கருகும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னொரு பிடி போடுவார்கள். அந்த இரண்டாவது பிடிதான் செடியைக் கொல்கிறது. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 19 விழுக்காடு உள்ள, நீரில் கரையும் உரம்) என்றால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், அதுவும் ஈரமான மண்ணுக்கு.

கேள்வி: (அதே நண்பர்) நான் போடுவது புண்ணாக்குக் கரைசல். இயற்கை உரத்துக்கும் அளவா?

பதில்: அளவுதான். கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 விழுக்காடு தழைச்சத்து உண்டு. புளித்த கரைசலில் பத்து மடங்கு தண்ணீராவது கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: (மீண்டும் அவரே) அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

பதில்: நிறைய உண்டு. துளிர் விடுகிறதா, தொட்டியைத் தூக்கினால் கனக்கிறதா, வளர்ச்சி நின்றிருக்கிறதா என்பதை அனுபவம்தான் சொல்லும். உரம் எப்போது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதற்குக் கரண்டியை எடுங்கள்.

கேள்வி: வாழைப்பழத் தோல்?

பதில்: மக்க வைத்துப் போடுங்கள். மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பது?

பதில்: பூச்சி என் துறையல்ல. பயிர்ப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: என் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கண்ணளவில் உரம் போட்டதாலா?

பதில்: தண்ணீரிலுள்ள உப்பாலும் படியும், ஆனால் இலை நுனியும் கருகியிருந்தால் பெரும்பாலும் உரம்தான். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே உப்பை மண் திரும்ப உறிஞ்சும். புதுத் துளிர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம்.