ஐரிஷ் மொழியில் ‘பழைய’ ஏன் பெயருக்கு முன்னால் வருகிறது?

ஐரிஷில் பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால்தான் வரும்: ‘ஃபார் மோர்’ என்றால் பெரிய ஆள். ‘பழைய, வயதான’ என்னும் ‘ஷான்’ அப்படியல்ல. அது முன்னொட்டாகப் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். பழைய ஐரிஷிலேயே இந்தத் தொகைச்சொல் வழக்கம் இருந்தது. வேரும் மிகப் பழையது: லத்தீன் ‘செனெக்ஸ்’, சமஸ்கிருத ‘சன’, வெல்ஷ் ‘ஹென்’ எல்லாம் உடன்பிறப்புகள். ‘ஹென்’னும் பெயருக்கு முன்னால்தான் வரும்.

தடுமாறும் இடம் ஒட்டிய பிறகுதான். அடுத்த மெய் மென்மையாகும்: பான் (பெண்) ‘ஷான்வான்’ ஆகும், ஃபார் என்பதில் முதல் ஒலியே மறைந்து ‘ஷானார்’ ஆகும். ஆனால் ட, த, ஸ ஒலிகளில் தொடங்கும் சொற்கள் மாறா. ‘ன்’னும் அவையும் நாக்கின் ஒரே இடத்தில் பிறப்பதால் மென்மையாதல் தடைபடுகிறது. அதனால் முதியவர் ‘ஷான்டினெ’தான். புதிதாகக் கற்பவர்கள் இங்கேயும் மென்மையாக்கிவிடுவார்கள், அது பிழை.

பன்மையிலும் ‘ஷான்’ மாறாது. ஒப்பீட்டில் மட்டும் ‘நீஸ் ஷினெ’ (இன்னும் மூத்த). பயனிலையாகத் தனித்தும் நிற்கும்: ‘டா ஷே ஷான்’, அவர் வயதானவர்.

ஐரிஷின் உறவு மொழியான ஸ்காட்லாந்து கேலிக் மொழியிலும் இது முன்னால்தான், ஆனால் தனிச் சொல்லாக எழுதுவார்கள். அங்கே பெயருக்கு முன் வரும்போது எழுத்தில் கடைசி ‘ன்’ இரட்டிக்கும்.