வயிற்றைத் தைக்காமல் விட்டது ஏன்?

கேள்வி: விபத்தில் கல்லீரலும் குடலும் கிழிந்து என் தம்பிக்கு அவசர ஆபரேஷன் நடந்தது. வயிற்றைத் தைக்காமல் திறந்தபடியே ஐசியூவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், இரண்டு நாளில் மறுபடி தியேட்டருக்கு என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா டாக்டர்?

பதில்: இல்லை. காப்பாற்றுவதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். ரத்தம் நிறையப் போனவருக்கு உடல் சில்லிட்டுவிடும், ரத்தத்தில் அமிலம் ஏறும், ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். இந்த மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிடும். அந்த நிலையில் மணிக்கணக்கில் நின்று எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் ஆள் மேஜையிலேயே போய்விடலாம். அதனால் ரத்தக்கசிவை நிறுத்தி, கல்லீரலைச் சுற்றித் துணி அடைத்து, கிழிந்த குடலின் முனைகளை மூடிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஐசியூவில் உடம்பைச் சூடாக்கி, ரத்தம் ஏற்றி, ஆள் தேறியதும், பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள், மறுபடி உள்ளே போய்த் துணியை எடுத்து மிச்ச வேலையை முடிப்பார்கள்.

சரி, அதுவரை சும்மா தைத்து வைக்கலாமே என்று தோன்றும். குடல் வீங்கியிருக்கும்போது இழுத்துத் தைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு வென்டிலேட்டரால் காற்றை உள்ளே செலுத்தவே சிரமமாகும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து சிறுநீர் நின்றுபோகும். தம்பியின் சிறுநீர்க் குழாய் வழியே நர்ஸ் கொஞ்சம் சலைன் விட்டு ஏதோ அளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இந்த அழுத்தம். 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டி நீடித்தால் கவலை. 20-ஐத் தாண்டி நின்று, ஏதாவது ஒரு உறுப்பும் புதிதாகச் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து.

திறந்த வயிற்றின் மேலே இருப்பது வெறும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் இல்லை. 1984-ல் கொலம்பியாவின் போகோடா நகரில் ஓஸ்வால்டோ போர்ராயஸ் என்ற மருத்துவர் சுத்திகரித்த பிளாஸ்டிக் பையை வெட்டி வயிற்றின் மேல் தைத்தார், போகோடா பை என்று இன்றும் அதைச் சொல்கிறோம். இப்போது பெரும்பாலும் வேக்யூம் டிரெஸ்ஸிங்தான். துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தாளைக் குடலின் மேல் விரித்து, வயிற்றுச் சுவரின் அடியில் இரு பக்கமும் நன்றாக உள்ளே செருகுவார்கள், குடல் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. அதன் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் ஒட்டும் படலம், அப்புறம் உறிஞ்சும் குழாய். குழாயில் வரும் நீர் பச்சையாகவோ மலம் போலவோ மாறினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். குடலில் ஓட்டை விழுவதுதான் திறந்த வயிற்றில் நாங்கள் மிகவும் பயப்படும் சிக்கல், நாள் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும்.

அதனால்தான் சொல்கிறேன், திறந்ததில் தப்பில்லை, மூட முடிகிற நிலை வந்த பிறகும் திறந்தே விடுவதுதான் தப்பு. பக்கவாட்டுத் தசைகள் காயத்தின் விளிம்புகளை இரண்டு புறமும் இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் போனாலே மூடுவது கஷ்டமாகிவிடும். உடனே மூட முடியாதபோது விளிம்புகளில் ஒரு வலையைத் தைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நடுவில் இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வரும் முறை நல்ல பலன் தருகிறது. ஒவ்வொரு முறை தியேட்டரிலிருந்து வரும்போதும் "விளிம்பு எவ்வளவு நெருங்கியிருக்கிறது, எப்போது மூடுவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: வயிறு திறந்திருக்கும்போது உணவு கொடுக்கலாமா?

பதில்: குடல் எங்கும் துண்டாகாமல் தொடர்ச்சியாக இருந்து, ரத்த அழுத்தமும் நிலைப்பட்டுவிட்டால் மூக்குக் குழாய் வழியே சீக்கிரமே தொடங்கலாம். வயிற்றிலிருந்து வெளியேறும் நீரில் புரதம் போய்க்கொண்டே இருக்கும், லிட்டருக்குச் சுமார் 15 முதல் 30 கிராம் என்று கணக்கு வைத்து அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றை மூட முடியாமல் குடலின் மேலேயே தோல் ஒட்டு போட்டு அனுப்பினார்கள். இப்போது பெரிதாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. உடனே ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தப் புடைப்பு எதிர்பார்த்ததுதான், வயிற்றுச் சுவர் இல்லாத இடத்தில் குடலிறக்கம் வரத்தான் செய்யும். உள்ளே ஒட்டியிருப்பவை இளக வழக்கமாக 6 முதல் 12 மாதம் ஆகும். அறுவை மருத்துவர் ஒட்டுத் தோலை இரு விரலால் கிள்ளிப் பார்ப்பார், அடியில் உள்ள குடலை விட்டுத் தோல் தனியாக எழும்பி வந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளைப் பிரித்து நடுவுக்கு நகர்த்தி, வலை வைத்துத் தைப்பார்கள். அதற்குள் சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைபிடிப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். வெளியே போகும்போது வயிற்றுப் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும், அந்த மெல்லிய தோலுக்கு அடியில் நேராகக் குடல்தான் இருக்கிறது. அதில் புண் வந்தாலோ, நீர் கசிந்தாலோ, வாந்தியோடு வயிறு வலித்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.