வாணத்தில் நீலம் ஏன் அரிது?

கேள்வி: பாலக்காட்டு நெம்மாறை – வல்லங்கி ‘வேலை’ என்னும் கோயில் திருவிழாவின் வாணவேடிக்கையில் சிவப்பும் பச்சையும் வானத்தை நிறைக்கின்றன. நல்ல நீலத்தை மட்டும் காண முடிவதில்லையே, ஏன்? குழம்பு பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுவாலை மஞ்சளாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: உண்டு. அடுப்பிலிருந்தே தொடங்குவோம். குழம்பின் உப்பிலுள்ள சோடியம் சுவாலையில் ஆவியாகும்போது, அதன் அணுவின் வெளிச்சுற்றிலுள்ள எலக்ட்ரான் வெப்பத்தால் மேல்நிலைக்குத் தாவி, மறுகணமே பழைய நிலைக்குத் திரும்புகையில், பெற்ற ஆற்றலை ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியாக உமிழ்கிறது. (எதுவும் வழியாதபோதும் சுவாலை மஞ்சளாகவே எரிந்து, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், அது உப்பின் வேலையன்று, காற்று போதவில்லை என்று பொருள். பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.) எலக்ட்ரானின் இந்தத் தாவலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால் நிறமும் மாறுகிறது. 1860இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் ஒரு கனிம ஊற்றின் நீரில் சீசியம் என்ற புதிய தனிமத்தை அடையாளம் கண்டது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் தெரிந்த இரண்டு நீலக் கோடுகளைக் கொண்டுதான்.

வாணத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. ஆனால் செம்பு தனியே நீலம் தராது. குளோரின் கிடைக்காவிட்டால் அதன் சுவாலை பச்சையாகவே தெரியும். செம்பும் குளோரினும் சுவாலைக்குள்ளேயே இணைந்து உருவாகும் செம்பு மோனோகுளோரைடு மூலக்கூறுதான் நீல ஒளியைத் தருகிறது. சிக்கல் இங்கேதான்: வெப்பம் மிகுந்தால் அம்மூலக்கூறு சிதைந்து நீலம் வெளிறிப்போகிறது, வெப்பத்தைக் குறைத்தாலோ ஒளி மங்கி, புகை சூழ்ந்த இரவு வானில் கண்ணுக்கே எட்டுவதில்லை. கலவையில் சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் போதும், மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். போதாக்குறைக்கு, நம் கண்ணும் பச்சையை உணரும் அளவுக்கு நீலத்தை உணர்வதில்லை.

ஆகவே நீலம் செய்பவர்கள், சுவாலையைக் கடுஞ்சூடாக்கும் மக்னீசியம் போன்ற உலோகப் பொடிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, குளோரினுக்காக, அது அடங்கிய பிளாஸ்டிக்கான பிவிசியின் பொடியைக்கூடச் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால், வாணக்காரரின் கைத்திறனை அளக்க வெடியின் ஓசையைவிட நீலமே தக்க சோதனை.

பச்சையின் நிலையும் இப்போது முன்போல் இல்லை. பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை கொண்டவை. பட்டாசுகளில் அவற்றைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது.