டிராகன் முட்டையும் பத்தாம் வகுப்பும்

கே: பத்தாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் டிராகன், வாள், மந்திரம் என்று தடித் தடியான நாவல்களாகப் படிக்கிறான். இப்போது தானே ஒன்று எழுதுகிறானாம்! கண்டிக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

ப: வேண்டாம் அம்மா. ‘எரகான்’ என்ற டிராகன் நாவலை எழுத ஆரம்பித்தபோது அமெரிக்காவின் கிறிஸ்டோபர் பாவ்லினிக்கு வயது 15. அந்தக் கதையில், காட்டில் கிடைத்த நீலக் கல்லைக் கொடுத்துக் கறி வாங்கப் பார்க்கிறான் ஒரு பண்ணைப் பையன், கசாப்புக்காரர் விரட்டிவிடுகிறார். அப்புறம் அந்தக் கல் விரிசல் விட்டு உள்ளேயிருந்து டிராகன் குட்டி! 2002இல் நாவலைப் பாவ்லினியின் பெற்றோரே அச்சிட்டார்கள். பாவ்லினி அந்தக்கால உடையை மாட்டிக்கொண்டு பள்ளி, நூலகம் என்று அலைந்து விற்றார். மறுவருடமே பெரிய பதிப்பகம் வெளியிட்டது.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் நாவல்களைப் பீரோவில் பூட்டுங்கள். நானும் அந்த வயதில் ராஜகுமாரன் கதை எழுதினேன். நாலாம் அத்தியாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனவன் இன்னும் திரும்பவில்லை.