ஓட்டு இல்லாத அப்பாவும் எட்டாம் வகுப்புத் தேர்தல் பாடமும்

தம்பி, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் ஊருக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது என்கிறீர்கள். எட்டாம் வகுப்பு மகளுக்குப் பள்ளியில் தேர்தல் பாடம் நடக்கிறது, தினமும் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறாள், "அதிக ஓட்டு வாங்கியவர் எப்படி அப்பா தோற்றார்?" என்றதற்கு விழித்தேன், எச்-1பி வேலை விசாவில் ஓட்டே இல்லாத நான் இவளுக்கு எதைச் சொல்லித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நியூ ஜெர்சியில் என் மகள் படித்தபோது நானும் அப்படித்தான் விழித்தேன். அன்று இந்தப் பாடம் நடுநிலைப் பள்ளியில் கட்டாயம்கூட இல்லை. 2021இல்தான் சட்டம் போட்டார்கள். அதற்கு லாரா வூட்டன் என்ற அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அமைச்சரும் இல்லை, நீதிபதியும் இல்லை. 79 ஆண்டுகள் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவர். மகளிடம் அவரிலிருந்தே தொடங்கலாம்.

அவள் கேள்விக்கு வருகிறேன். அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நேரடியாக மக்கள் அல்ல, மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும். நம் நியூ ஜெர்சிக்கு 14. 2000இல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் புஷ்ஷை அதிபராக்கிவிட்டது. நாடு முழுக்கக் கூட்டினால் அவரிடம் தோற்ற அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் மேல் முன்னே இருந்தார். 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். "என்ன அநியாயம்!" என்று உடனே பொங்க வேண்டாம். 2018 மத்தியப் பிரதேசத் தேர்தலில் ஓட்டில் மயிரிழை முன்னே இருந்தது பாஜக. இடங்களில் காங்கிரஸ் 114, பாஜக 109. ஓட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணும் எந்த ஊரிலும் இது நடக்கும்.

அந்தக் கட்டங்களை, அதாவது தொகுதி எல்லைகளை, யார் போடுகிறார்கள் என்பதுதான் பாடத்தின் உயிர். இதைப் புத்தகத்தை வைத்துச் சொல்லித் தராதீர்கள். 15 கொண்டைக்கடலை, 10 பச்சைப் பட்டாணி எடுத்துக்கொள்ளுங்கள் (ஊறவைக்காதது, நான் ஊறியதை எடுத்துப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்). ஐந்துக்கு ஐந்தாக, புள்ளிக் கோலம் போல மேசையில் அடுக்குங்கள். இடப்பக்கம் மூன்று வரிசை மேலிருந்து கீழாகக் கடலை, வலப்பக்கம் இரண்டு வரிசை பட்டாணி. ஒவ்வொன்றிலும் ஐந்து மணி வரும்படி ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே கோடு போட்டால் கடலைக்கு 3, பட்டாணிக்கு 2. நியாயம். இடமிருந்து வலமாகக் கோடு போட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று கடலை, இரண்டு பட்டாணி. ஐந்தும் கடலைக்கே போய்விடும். இனிமேல்தான் வேடிக்கை. கடலை மட்டும் உள்ள இடது ஓர வரிசையை ஒரே தொகுதியாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சிக்குக் கோலம் போல வளைத்து வளைத்துப் பிரித்தால் பத்தே பட்டாணி மூன்று தொகுதிகளைப் பிடித்துவிடும். ஒரு மணியும் இடம் மாறவில்லை, யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. என் மகள் அரை மணி நேரம் போராடி அந்தப் பிரிப்பைக் கண்டுபிடித்தாள். எனக்கு வரவில்லை.

இந்தக் கைவேலைக்கு ஜெர்ரிமாண்டரிங் என்று பெயர். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியாட்டம் நெளிந்து கிடந்ததாம். இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார்கள். கட்சி லாபத்துக்காகத் தொகுதி வெட்டுவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அரிசோனா, மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் மக்களே வாக்கெடுப்பு மூலம் அந்த வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுத்திருக்கிறார்கள்.

சீர்திருத்தம் என்றாலே முன்னேற்றம்தான் என்று அவள் நினைத்துவிடாமல் இருக்க இந்த மாநிலத்தின் கதையையே சொல்லுங்கள். 1776இல் நியூ ஜெர்சி எழுதிய அரசியல் சாசனம் ஐம்பது பவுண்டு சொத்துள்ள குடியிருப்பாளர்களுக்கு ஓட்டு என்றது. ஆண் என்று எழுதவில்லை. சொத்துள்ள மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் சுதந்திரமான கறுப்பின மக்களும் ஓட்டுப் போட்டார்கள். 1807இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1920இல். பக்கத்திலேயே அண்மைக் கதை ஒன்றும் உண்டு. இங்கே உட்கட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சித் தலைமையின் ஆதரவு பெற்றவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, மற்றவர்களை மூலையில் தள்ளும் வழக்கம் பெரும்பாலான கவுன்டிகளில் (நம் மாவட்டம் போல) இருந்தது. அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் 2024இல் வழக்குப் போட்டு அதை உடைத்தார். செனட்டராகவும் ஆகிவிட்டார். வாக்குச்சீட்டின் வடிவம்கூட ஓட்டைத் திருப்பும் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் உறைத்தது.

இனி உங்கள் கவலை. ஓட்டு இல்லைதான், ஆனால் நீங்கள் கணக்கில் இருக்கிறீர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில் விசா பார்க்காமல் எல்லாத் தலையும் எண்ணப்படும். அதை வைத்துத்தான் பிரதிநிதிகள் சபையின் (நம் மக்களவை போல) 435 இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். 2020 கணக்கில் நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். தொகுதி மறுவரையறை என்றால் தமிழ்நாட்டின் 39 என்னவாகுமோ என்று ஊரில் பேசிக் கேட்டிருப்பீர்களே, அதே வலி இங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. நாம் 1971 கணக்கில் நிறுத்தி வைத்தோம்; இவர்கள் நிறுத்துவதில்லை. இதை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள், ஆசிரியருக்கே புதிதாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதியலாமா என்று ஒரு கேள்வி வரும். நான் வந்த புதிதில் கவுன்டரில் இருந்தவர் "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக்கொண்டே போக, நானும் டிக் அடித்துக்கொண்டே போனேன். பின்னால் நின்ற ஒரு பஞ்சாபிப் பெரியவர் தோளைத் தட்டியிருக்காவிட்டால் என் கிரீன் கார்டு அன்றோடு போயிருக்கும். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று கையெழுத்திட்டால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்புவது கடினம். எச்-1பியில் இருக்கும்வரை வேட்பாளர்களுக்கு நன்கொடையும் கொடுக்காதீர்கள். கோயில் உண்டியல் மாதிரி நினைத்து அலுவலகத்தில் கேட்பார்கள்.

மற்றபடி, பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். பக்கத்து நியூவார்க்கில் 2025 முதல் 16 வயதுப் பிள்ளைகளே வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். அதையும் சொன்னால் நிமிர்ந்து உட்காருவாள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் உங்கள் பெயரைக் கேட்பார்கள், விசாவைக் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். முதல்முறை நான் பள்ளிப் பேருந்து தாமதமாக வருவதைப் பற்றிப் பேசப் போனேன். ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. மிச்ச நேரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.